வரும் அழைப்பும் போகும் அழைப்பும்

ஊட்டியிலோ கூடலூரிலோ ஒரு வங்கிக் கிளையில் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றாலே நான்கைந்து மொழிகள் காதில் விழும். படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் படுக மொழியில் பேசிக்கொள்வார்கள். எஸ்டேட் லைன்களிலிருந்து வந்தவர்களின் பேச்சு தமிழ். பந்தலூர்ப் பக்கத்தவர்களிடம் மலையாளம் கலந்திருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஆந்திராவிலிருந்தோ பீகாரிலிருந்தோ மாற்றலாகி வந்தவராக இருக்கலாம். வந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்ட தமிழை வைத்து அவர் வேலையை ஓட்டிக்கொண்டிருப்பார். மலையில் யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. ஆனால் போலி வங்கி அழைப்பைக் கண்டுபிடிக்கத் தமிழ்நாடு பல ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கும் சோதனை இங்கே செல்லாது என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். “ஏடிஎம் கார்டு மேல பதினாறு நம்பர் இருக்கும், அதைச் சொல்லுங்க சார்” என்று தட்டுத் தடுமாறும் குரலை நடித்துக் காட்டும் வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றின. பார்த்துச் சிரித்தவர்களின் மனதில் ஒரு முடிவும் சேர்ந்தே இறங்கிவிட்டது: தமிழ் தடுமாறினால் திருடன், சரளமாக வந்தால் நம்பலாம். இதில் முதல் பாதி நேர்மையான அதிகாரியைச் சந்தேகிக்க வைக்கிறது. இரண்டாம் பாதி பணத்தைக் கொண்டுபோகிறது.

சரளமான தமிழ் இன்று மோசடிக்காரர்களுக்கு எட்டாத பொருள் அல்ல. தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மார் எல்லையில் மியாவாடி பகுதியிலுள்ள மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இந்திய இளைஞர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் ஒரு குழுவினர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அடித்து மிரட்டி ஏமாற்று வேலை செய்ய வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்த, பண்பான, நம்மூர்த் தமிழ் பேசும் ஒரு குரல் எங்கிருந்து வேண்டுமானாலும், யாருடைய கட்டாயத்தாலும் வரலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில், 2023 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வால்-ஈ என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார்கள்: மூன்று விநாடிப் பேச்சு மாதிரி கிடைத்தால் அதே குரலில் எதையும் பேச வைக்கும் மென்பொருள் அது. ஆகவே, ஒலிக்கும் குரலை வைத்து அழைப்பவர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை நாம் மொத்தமாகக் கைவிட்டாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ‘விழிப்புடன் இருங்கள்’ என்று சொல்லும் சுவரொட்டிகளோடு எனக்குள்ள கருத்து வேறுபாடு இதுதான். விழிப்பாக இருந்து கண்டுபிடிக்கக்கூடிய எதுவும் அந்த அழைப்புக்குள் இல்லை.

இது வெறும் ஊகமல்ல. எதிரே இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்கள் எந்த அளவுக்குச் சரியாகக் கணிக்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சோதித்து வருகிறார்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006ல் வெளியிட்ட தொகுப்பில் 24,000க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகள் இருந்தன. சராசரி வெற்றி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே 50 கிடைக்கும். பொய்யைக் கண்டுபிடிக்க முடியாதது நம் மூளையின் கோளாறு அல்ல என்பது டிமத்தி லெவின் என்ற அமெரிக்க ஆய்வாளரின் விளக்கம். கேட்பதை முதலில் நம்புவதுதான் மனிதனின் இயல்பு நிலை. பெரும்பாலானவர்கள் பெரும்பாலும் உண்மையே பேசுவதால் அந்த இயல்பு நமக்கு லாபமாகவே இருந்து வந்திருக்கிறது. போனில் குரலே முழுதாக வருவதில்லை. பழைய தொலைபேசி இணைப்பு மனிதக் குரலில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்தும். அதற்கு மேலுள்ள ஒலிகள் வெட்டுப்பட்டுவிடும். புதிய 4ஜி அழைப்புகள் இதைவிட அகலமானவைதான். ஆனால் எஸ்டேட் சரிவுகளில் டவர் மாறி மாறிப் பிடிக்கும்போது குரல் மெலிந்து, உடைந்து வருகிறது. விடுபட்ட ஒலிகளைக் காதும் மூளையும் சேர்ந்து ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. முகமும் தெரியாமல், குரலும் பாதியாக வரும் இடத்தில் அந்த 54க்கு மேல் எதிர்பார்ப்பது பேராசைதான்.

குரல் போகட்டும், திரையில் எண் வருகிறதே என்று கேட்கலாம். அந்த எண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டால் அதன் மேலுள்ள மரியாதை குறையும். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பைக் கொண்டுசெல்லும் எஸ்எஸ்7 என்ற சமிக்ஞை முறை 1970களில் வடிவமைக்கப்பட்டது. அன்று தொலைபேசி நடத்தியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும். ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பினார்கள். அழைக்கும் எண் இன்னது என்று அனுப்பும் நெட்வொர்க் சொல்லும். பெறும் நெட்வொர்க் அதை அப்படியே திரையில் காட்டும். சரிபார்க்கும் வேலையே அதில் இல்லை. பிறகு இணையம் வழியே பேசும் வசதி வந்தபோது, அழைக்கும் எண் என்ற கட்டத்தில் தான் விரும்பியதை எழுதி அனுப்பும் வாய்ப்பு யார் யாருக்கோ கிடைத்தது. எதிர்த்தரப்பே முள்ளை நகர்த்திவிடக்கூடிய தராசில் பச்சைத் தேயிலை எடை போட எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார். திரையில் தெரியும் எண் அப்படிப்பட்ட தராசுதான். இந்தியாவில் 2024 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று கண்டு தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பாராட்ட வேண்டிய வேலை. அதே எண்ணிக்கை, அதுவரை ஒவ்வொரு நாளும் எத்தனை வீடுகளுக்குள் வேடமிட்ட எண் நுழைந்துகொண்டிருந்தது என்பதையும் காட்டுகிறது. சில செயலிகள் காட்டும் பெயர்களும் பொதுமக்கள் கொடுத்த விவரங்களிலிருந்து வருபவை. ஒரு மோசடி எண்ணுக்கு வங்கிப் பெயர் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் பூட்டு எதுவும் அங்கே இல்லை.

வங்கிகள் தங்கள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னது. விளம்பர அழைப்புகளுக்கு 140. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு திசையில்தான் இதை நம்பிப் பயன்படுத்தலாம். சாதாரணப் பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ என்றால் அழைப்பைத் துண்டித்துவிடலாம், அங்கே யோசிக்கவே வேண்டாம். 1600ல் வந்ததால் கேட்டதையெல்லாம் சொல்லலாம் என்று திருப்பிப் போட்டால் அது தவறு. ஓட்டை விழுந்த பையில் அரிசி நிற்காது என்பதால், ஓட்டையில்லாத பையிலெல்லாம் அரிசி இருக்கிறது என்று ஆகிவிடாது.

இத்தனைக்கும் அடியில் ஒரு அடிப்படைக் குறை இருக்கிறது. வங்கிக்கும் நமக்கும் இடையே சரிபார்ப்பு ஒருவழிப் பாதையாகவே கட்டப்பட்டிருக்கிறது. நாம் யாரென்று வங்கியிடம் நிரூபிக்கக் கையெழுத்து, கார்டு, பின் நம்பர், கைரேகை, ஓடிபி என்று எத்தனையோ ஏற்பாடுகள். வங்கி தான் யாரென்று நம்மிடம் நிரூபிக்க, போனில் ஒன்றுகூட இல்லை. கிளைக்கு நேரில் போகும்போது அந்தக் குறை தெரிவதில்லை. ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூர் பெட்ஃபோர்டிலோ நிற்கும் கட்டடமும் பெயர்ப்பலகையும் நமக்கு அந்தச் சான்றைத் தந்துவிடுகின்றன. போன் அழைப்பில் கட்டடம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் மோசடிக்காரர் வந்து உட்காருகிறார். நம்மிடம் வங்கியாக நடிக்கிறார்; அதே நேரத்தில், நாம் கொடுக்கும் விவரங்களை வைத்து வங்கியிடம் நாமாக நடிக்கிறார். இரண்டு பக்கமும் அவரே.

ஓடிபியின் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஆறு இலக்க எண்ணில் 10 லட்சம் சாத்தியங்கள். சில நிமிடங்களில் காலாவதியாகும். மூன்று முறைதான் முயலலாம் என்று வைத்துக்கொண்டால், குருட்டாம்போக்கில் சரியாக ஊகிக்க 10 லட்சத்தில் மூன்று வாய்ப்பு. இந்தப் பூட்டை உடைக்க எவரும் மெனக்கெடுவதில்லை, சாவியைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். இந்த போன் இன்னார் கையில் இருக்கிறது என்பதற்கான சான்றாக உருவாக்கப்பட்டதுதான் ஓடிபி. வாய்விட்டுச் சொன்ன மறுகணம் அது வெறும் செய்தியாக மாறிவிடுகிறது, செய்திக்குக் கால் முளைத்துவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம்: அந்த எண்ணை உருவாக்கி அனுப்பியதே வங்கியின் கணினிதான். தான் அனுப்பிய எண்ணைத் தெரிந்துகொள்ள வங்கி நம்மைக் கேட்க வேண்டிய தேவை எந்தக் காலத்திலும் வராது. யுபிஐ பின்னும் அப்படியே. பணம் நம்மை விட்டு வெளியே போக அது வேண்டும், உள்ளே வர வேண்டியதில்லை. பணம் வருவதற்கு அதை அழுத்தச் சொல்பவர் பணத்தை எடுக்கிறார்.

ஓடிபி வரும் குறுஞ்செய்தியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் ஆறு இலக்க எண் வரும், அல்லது ஒரு தொகை வரும். எந்தக் கடைக்கு, எந்தக் கார்டில் என்ற விவரம் அதையொட்டி இருக்கும். யாரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கை கடைசி வரியில். பெரும்பாலும் ஆங்கிலத்தில். மறுமுனையில் இருப்பவர் “இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் பாருங்க” என்கிறார். ‘மட்டும்’ என்ற அந்தச் சொல்லில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கண் எண்ணைத் தேடிப் போகிறது. அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும் 24,999 ரூபாய் கண்ணில் படுவதில்லை. ‘இவ்வளவு ரூபாயை எடுக்க இந்த எண்’ என்று தமிழில், எண்ணுக்கு முன்பே, பெரிதாக வந்தால் எத்தனையோ பேர் அங்கேயே நின்றிருப்பார்கள். எஸ்டேட் கூலி, தொழிற்சாலை தரும் பச்சைத் தேயிலைப் பணம், 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், பென்ஷன் என்று மலையில் ஒரு வீட்டுக்குள் வரும் பணத்தில் பெரும்பகுதி இப்போது செல்போனோடு இணைத்த கணக்கு வழியாகவே வருகிறது. அந்தக் கணக்கின் கடைசிக் காவலை அதன் சொந்தக்காரருக்குப் புரியாத மொழியில் நிறுத்தி வைத்திருப்பது நியாயமில்லை.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்பதற்கில்லை. வெலிங்டன், அருவங்காடு சுற்றுவட்டாரத்தில் ராணுவத்திலும் கார்டைட் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஆண்டுதோறும் நவம்பரில் அவர்களில் பலர் உயிர்வாழ்ச் சான்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும் என்பது உண்மை. “உங்க லைஃப் சர்டிஃபிகேட் அப்டேட் ஆகல சார், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்” என்ற அழைப்பு அந்த உண்மையின் தோளில் ஏறி வருகிறது. பொய் முழுவதும் பொய்யாக இருப்பதில்லை. பணி ஓய்வுத் தேதி, கணக்கு இருக்கும் கிளை என்று எங்கிருந்தோ கசிந்த இரண்டு தகவல்களையும் சரியாகச் சொல்லிவிட்டால் சந்தேகம் கரைந்துவிடும். அதோடு நேர நெருக்கடி. மனம் ஒரே சமயத்தில் கையில் வைத்துப் புரட்டக்கூடிய விஷயங்கள் சில மட்டுமே. பென்ஷன் போய்விடுமோ என்ற பயம், கண்ணாடியைத் தேடுவது, எண்ணைப் படிப்பது, அவர் சொல்லும் பொத்தானை அழுத்துவது என்று அந்த இடம் நிரம்பிவிட்டால், ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்காது. அழைப்பை நீட்டிக்கொண்டே போவதும் “போனை வச்சிடாதீங்க” என்பதும் இதற்காகத்தான். கெட்டிக்காரத்தனம் வேலை செய்ய ஒரு நிமிட அமைதி வேண்டும், அந்த நிமிடத்தை அவர்கள் தருவதில்லை.

ஆகவே, அழைப்பின் நடுவே யோசித்து முடிவெடுப்பது என்ற திட்டத்தையே விட்டுவிட்டு, முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி. வங்கி என்று சொல்லி வரும் எந்த அழைப்பிலும் எந்த வேலையும் முடிக்கப்படாது. வேலை இருந்தால் நாமே கூப்பிடுவோம். வரும் அழைப்பில் எதிராளி யாரென்று தெரிய வழியில்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்திலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாம் போடும் அழைப்போ அந்த எண்ணுக்குரிய இடத்துக்கே போகிறது. திசையை மாற்றியதுமே சரிபார்ப்பு நடந்துவிடுகிறது. குரலை எடை போட வேண்டியதில்லை, பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையும் தேவையில்லை. ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முன்பே வாசகமாக அமைத்துக்கொள்பவர்கள், பொதுவாக உறுதி எடுத்துக்கொள்பவர்களைவிட அதிகமாகச் சொன்னபடி நடக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006ல் காட்டினார்கள். நமக்கு வேண்டிய வாசகம் சின்னது: “நானே பேங்குக்கு போன் பண்ணிப் பேசிக்கிறேன்.” சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். நம் வீடுகளில் பேச்சின் நடுவே போனை வைப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம், குறிப்பாகப் பெரியவர்களிடம், ஆழமாக இருக்கிறது. ஒரு வாசகம் கையில் இருந்தால் மரியாதையும் காப்பாற்றப்படும். உண்மையான அதிகாரியாக இருந்தால் அதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன, அவற்றில் சில வலுவானவை. கணக்கிலிருந்து நிஜமாகவே பணம் போய்க்கொண்டிருக்கும்போது வங்கி எச்சரித்தால், வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடும் நேரத்தில் எல்லாம் போய்விடாதா? போகாது. சந்தேகமான பரிவர்த்தனையை நிறுத்தவோ கார்டை முடக்கவோ வங்கியால் தானாகவே முடியும். அதற்கு நம் ரகசிய எண் தேவையில்லை. நாம் சொன்னால்தான் காப்பாற்ற முடியும் என்பவரால் காப்பாற்ற முடியாது. அச்சிட்ட எண் எங்கேயென்று தேடுவதைவிட கூகுளில் போட்டுப் பார்ப்பது சுலபமில்லையா? சுலபம்தான், ஆபத்தும் அங்கேதான். வங்கிகளின் பெயரில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் பரப்பி வைத்துக் காத்திருப்பது பழகிப்போன தந்திரம். அதில் விழுந்தால் நாமே திருடருக்குக் கூப்பிட்டவர்கள் ஆகிவிடுவோம். மலைக்கே உரிய எதிர்வாதம் இதைவிடக் கடினமானது. 0423 என்று தொடங்கும் கிளை எண் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. இலவச எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று போவதற்குள் சிக்னல் அறுந்துவிடும். குந்தா பக்கத்திலிருந்தோ பந்தலூரின் உள்ளிருந்தோ கிளைக்கு நேரில் வந்து போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். இவை எல்லாமே உண்மை. இருந்தும், ஒரு நாள் தாமதத்தால் கெட்டுப்போகும் வங்கி வேலை என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். கேஒய்சி காகிதங்களைப் பகல் நேரத்தில் கிளையில் கொடுத்துக்கொள்ளலாம். அவசரம் வங்கியுடையதாக இருப்பதில்லை, அது கூப்பிட்டவருடையது.

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறோமா என்ற கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியிடமும் தவறில்லாமல் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வெளியாரால் பணம் போயிருந்தால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் ரகசிய எண்ணைத் தானே சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுவதையும் தாங்க வேண்டும். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. சட்டத்தின் பார்வையில் அது அலட்சியம். எனக்கு அந்தச் சொல் கடுமையாகப் படுகிறது. காப்பீடு விற்கவும் கார்டு விற்கவும் ஆண்டுக்கணக்காகத் தாங்களே கூப்பிட்டு, ‘சரிபார்ப்புக்காகப் பிறந்த தேதி சொல்லுங்க’ என்று கேட்டு, வரும் அழைப்பை நம்பும் பழக்கத்தை மக்களிடம் வளர்த்ததில் வங்கித் துறைக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும். இழப்பு தன் பையைத் தொடும்போதுதான் நிறுவனங்கள் ஓட்டையை அடைக்கும் வேகம் கூடுகிறது. இங்கேயும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் இல்லை: விசைகளைத் தட்டி அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது, தனி மனிதர் இன்னொரு தனி மனிதரிடம் யுபிஐ வழியே பணம் கோரும் வசதி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டது. இவை இரண்டும் ஆயிரம் விழிப்புணர்வுக் கூட்டங்களைவிடப் பயனுள்ளவை என்பது என் கருத்து. ஏனென்றால் இவை யாருடைய சாமர்த்தியத்தையும் நம்பி நிற்கவில்லை.

பணம் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விட்ட கணக்குகளில் துண்டு துண்டாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து, கடைசியில் ஏதோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வருகிறது. 1930ல் பதிவாகும் புகார் அந்தச் சங்கிலியிலுள்ள வங்கிகளுக்குப் போய், அதுவரை வெளியேறாத தொகையை முடக்க உதவுகிறது. அதனால் முதல் சில மணி நேரங்கள்தான் கணக்கு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று இரவு முழுவதும் சொல்லாமல் இருப்பவர்களுக்கு அந்த நேரம் போய்விடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் அந்த வெட்கத்தைப் போக்கினால் பணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்ச வாய்ப்புண்டு. ஊட்டியிலுள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் எழுத்து மூலம் கொடுக்கும் புகார் அடுத்தது. மூன்று வேலை நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் கொடுத்ததற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 2024ல் நாடு முழுவதும் இணைய மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வங்கி அழைப்பு அதில் ஒரு வகை மட்டுமே. 2023ல் இழந்ததைப் போல அந்த மொத்தத் தொகை சுமார் மூன்று மடங்கு.

1930 திருடு போன பிறகு அழைக்கும் எண். போவதற்கு முன்பு அழைக்க ஒரு எண் நமக்கு இல்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 159 என்ற எண்ணைக் கொண்டுவந்தார்கள்: வங்கி என்று சொல்லி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிட்டு 159ஐ அழுத்தலாம், எந்த வங்கி என்று கேட்டு அதன் உண்மையான அலுவலகத்துக்கே இணைத்துவிடும். பாஸ்புக்கைத் தேட வேண்டாம், இணையத்தில் தேடி ஏமாற வேண்டாம், பத்து இலக்கம் நினைவில் இருக்க வேண்டாம். அதே போல இந்தியாவில் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக மூன்று நான்கு இலக்கத்தில் ஒரு எண் வேண்டும். மறுமுனையில் தமிழிலும் பேச ஆள் வேண்டும். யுபிஐ மூலம் அத்தனை வங்கிகளையும் ஒரே குழாயில் இணைத்துக் காட்டிய நாட்டுக்கு இது பெரிய தொழில்நுட்ப வேலை அல்ல. அது வரும் வரை, பாஸ்புக்கில் உள்ள எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடி போடாமலே தெரிகிற உயரத்தில் ஒட்டி வைக்கலாம்.